சுமக்கிற கால்களுக்குப் பயிற்சி எதற்கு? பெண்களுக்கு ஸ்குவாட்டும் டெட்லிஃப்டும்

"நாள் முழுக்கத் தூக்கிச் சுமக்கிற எங்களுக்கு இன்னும் ஒரு தூக்கல் எதற்கு?" மண்டபம், பாம்பன் பக்கத்துப் பெண்களிடம் எடைப் பயிற்சி பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வருவது இந்தக் கேள்விதான். நியாயமான கேள்வி. மன்னார் வளைகுடாத் தீவுகளை ஒட்டி முங்கிக் கடல்பாசி எடுப்பவர்கள் ஈரச் சாக்கைப் படகில் ஏற்றி, கரையில் இறக்குகிறார்கள். வாலிநோக்கம் பக்கம் உப்பளத்துக்குப் போகிறவர்கள் உப்புக் கூடையைத் தலையில் ஏற்றுகிறார்கள். மீன் விற்கப் போகிறவர்களின் கூடை, ஐஸோடு சேர்த்து என்ன கனம் கனக்கும் என்பது அவர்கள் கழுத்துக்குத்தான் தெரியும். இந்த வேலைகள் எதுவும் இல்லாத வீட்டிலும் தண்ணீர் இருக்கிறது. தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு குழாயடிக்குப் போய்வருவது இந்த ராமநாதபுரம் மாவட்டத்தில் பல ஊர்களுக்குக் காலை வேலை.

இவ்வளவு தூக்கியும் நாற்பது வயதில் முழங்கால் வலி, இடுப்பு வலி என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் வரிசையில் நிற்பவர்களும் இவர்கள்தான். தூக்குவதே வலுவைத் தரும் என்றால் இந்தக் கரையின் பெண்களுக்கு வலி வரவே கூடாது. ஏன் வருகிறது என்பதில்தான் ஸ்குவாட் (உட்கார்ந்து எழுவது), டெட்லிஃப்ட் (தரையில் இருக்கும் பாரத்தைப் பிடித்து நிமிர்வது) என்ற இரண்டு பயிற்சிகளின் பொருள் முழுவதும் இருக்கிறது.

வேலை வேறு, பயிற்சி வேறு. வேலையில் எடையை வேலைதான் தீர்மானிக்கிறது. பதினைந்து லிட்டர் குடம் என்றால் பதினைந்து கிலோ. உடம்பு சரியில்லாத நாளிலும் அதே பதினைந்து கிலோ. பயிற்சியில் எடையை நீங்கள் தீர்மானிக்கிறீர்கள். உடம்பு பழகிய சுமையைவிடச் சற்றே கூடுதலாகக் கொடுத்து, பிறகு ஓய்வும் உணவும் தரும்போதுதான் தசை வலுக்கிறது. ஒரே சுமையை ஆண்டுக்கணக்கில் தூக்கினால், அந்தச் சுமைக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவோடு தசை நின்றுவிடும். முப்பது வயதுக்கு மேல் கவனிக்காமல் விட்டால் தசை மெல்ல மெல்லக் குறையவும் தொடங்கும். இருபது வயதில் எளிதாக இருந்த குடம் நாற்பத்தைந்தில் கனப்பது அதனால்தான். குடம் மாறவில்லை, அதைத் தூக்கும் கால் மாறியிருக்கிறது.

இதைக் கணக்காகவே பார்க்கலாம். உங்களால் ஒரே ஒரு முறை, முழு பலத்தையும் போட்டு, 25 கிலோவைத்தான் தரையிலிருந்து தூக்க முடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது 15 கிலோ குடம் ஒவ்வொரு முறையும் உங்கள் உச்ச பலத்தில் 60 விழுக்காட்டைக் கேட்கிறது. பயிற்சியால் அந்த உச்சம் 50 கிலோவாக உயர்ந்தால், அதே குடம் 30 விழுக்காட்டைத்தான் கேட்கும். வேலை குறையவில்லை, ஆனால் வேலை முடிந்த பிறகும் உடம்பில் பலம் மிச்சம் இருக்கிறது. எடைப் பயிற்சியில் பெண்களுக்குக் கிடைக்கும் முதல் பலன் இந்த மிச்சம்தான் என்பேன். தோற்றம் அதற்குப் பிறகு.

நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கள், தையல் இயந்திரத்தின் முன் பகல் முழுவதையும் கழிப்பவர்கள், கடையில் கல்லாவில் இருப்பவர்கள் ஆகியோருக்குச் சிக்கல் நேர்மாறானது. அவர்கள் கால்களுக்குச் சுமையே கிடைப்பதில்லை. மருந்து இரு தரப்புக்கும் ஒன்றுதான், அளவுதான் வேறு.

எந்தத் தசைகள்?

இடுப்புக்குக் கீழே நம் உடம்பைத் தூக்கி நிறுத்துபவை மூன்று பெரிய தசைத் தொகுதிகள். தொடையின் முன்பக்கத் தசை முழங்காலை நீட்டுகிறது. தொடையின் பின்பக்கத் தசை முழங்காலை மடக்குவதோடு இடுப்பு மூட்டை நிமிர்த்தவும் உதவுகிறது. பிட்டத் தசை, மனித உடம்பிலேயே பெரியது. குனிந்த உடம்பை நிமிர்த்துவதும், உட்கார்ந்த உடம்பை எழுப்புவதும், படியேற்றுவதும் அதுதான். இவற்றோடு முதுகெலும்பின் இரு பக்கமும் ஓடும் தசைகளும் வயிற்றுத் தசைகளும் சேர்ந்து நடு உடம்பை அசையாமல் பிடித்துக்கொள்கின்றன.

ஸ்குவாட் என்பது உட்கார்ந்து எழுவது. டெட்லிஃப்ட் என்பது தரையில் அசைவற்று இருக்கும் பாரத்தைப் பிடித்து நிமிர்வது. முன்னதில் முழங்காலும் இடுப்பு மூட்டும் ஏறத்தாழச் சமமாக மடங்குவதால் தொடையின் முன்பக்கத்துக்கு வேலை அதிகம். பின்னதில் இடுப்பு மூட்டுதான் அதிகம் மடங்குகிறது. ஆகவே பிட்டம், தொடையின் பின்பக்கம், முதுகு ஆகியவற்றுக்கு வேலை அதிகம். ஒன்றை மட்டும் செய்தாலும் பலன் உண்டு என்றாலும், இரண்டும் சேர்ந்தால்தான் கால் முழுதாக வலுக்கும்.

ஸ்குவாட்டை நாம் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. உப்பூர் வெயிலுகந்த விநாயகர் முன்னால் காதைப் பிடித்துக்கொண்டு போடும் தோப்புக்கரணம் ஒரு ஸ்குவாட்தான். பழைய உடற்பயிற்சிக் கூடங்களில் தண்டாலோடு சேர்த்துச் சொல்லும் பஸ்கியும் அதுவே. குத்தவைத்து உட்கார்ந்து மீன் தரம் பிரிக்கும் பெண்களுக்குக் கணுக்காலும் இடுப்பும் நன்றாக மடங்கும். ஜிம்முக்கு வரும் பலர் மாதக்கணக்கில் முயன்று பெறும் நெகிழ்வு அது. கோலம் போடுவதையும் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவதையும் விட்டு நாற்காலிக்கு மாறியவர்கள்தான் இந்த அசைவை மீண்டும் பழக வேண்டும்.

முறை இது. கால்களைத் தோள் அகலத்துக்கு வைத்து, பாத நுனிகளைச் சற்று வெளிப்பக்கம் திருப்புங்கள். பாதம் முழுவதும், குறிப்பாகக் குதிகால், தரையில் பதிந்திருக்க வேண்டும். மூச்சை இழுத்து, யாரோ வயிற்றில் குத்த வருகிறார்கள் என்று நினைத்து வயிற்றை இறுக்கிக்கொள்ளுங்கள். பிறகு பின்னால் ஒரு முக்காலி இருப்பதாக எண்ணி மெதுவாக இறங்குங்கள். முழங்கால் பாத விரல்கள் காட்டும் திசையிலேயே போக வேண்டும். இரண்டு முழங்கால்களும் உள்பக்கம் சாய்ந்து ஒன்றை ஒன்று நெருங்குவதுதான் தொடக்கத்தில் எல்லோரிடமும் பார்க்கும் பிசகு. தொடை தரைக்கு இணையாக வரும் வரை இறங்கினால் போதும். வலியில்லாமல் அதற்குக் கீழே போக முடிந்தால் போகலாம். எழும்போது குதிகாலையும் முன்பாதத்தையும் சேர்த்துத் தரையை அழுத்தி எழுங்கள்.

"முழங்கால் விரல்களைத் தாண்டக் கூடாது" என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். அதைப் பெரிய விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தொடை நீளமாக உள்ளவருக்கு முழங்கால் கொஞ்சம் முன்னால் போகத்தான் செய்யும். வலிந்து தடுத்தால் உடம்பு அதற்கு ஈடாக முன்னால் சாய்ந்து முதுகின் பளுவைக் கூட்டிவிடும். குதிகால் தரையை விட்டு எழாமல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

நின்ற நிலையிலிருந்து இறங்க பயமாக இருப்பவர்கள் உண்மையான நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை ஊன்றாமல் எழுந்து பழகலாம். அறுபது வயது அம்மாவுக்கும் இதுதான் முதல் பாடம். அது எளிதான பிறகு ஐந்து லிட்டர் கேனில் தண்ணீர் நிரப்பி, நெஞ்சோடு இரு கைகளாலும் அணைத்துக்கொண்டு உட்கார்ந்து எழலாம். எடை முன்பக்கம் இருப்பதால் முதுகு தானாகவே நிமிர்ந்து நிற்கும்.

டெட்லிஃப்ட்: இடுப்பில் இருந்து குனிவது

இங்கேதான் நிறுத்தி நிதானமாகப் பேச விரும்புகிறேன். ஸ்குவாட்டை அரைகுறையாகச் செய்தாலும் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. குனிந்து தூக்குவதை அரைகுறையாகச் செய்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். நம் ஊரில் தரையிலிருந்து பொருளை எடுக்கும் பெண்களைக் கவனியுங்கள்: முழங்கால் விறைப்பாக நிற்க, முதுகு வில்லாக வளைய, கை நீண்டு முன்னால் போகும். குடமோ கூடையோ உடம்பிலிருந்து ஒரு முழம் தள்ளி இருக்கும்.

அந்த ஒரு முழம்தான் சிக்கல். பாரம் உடம்பிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அதனால் முதுகின் அடிப்பகுதியில் விழும் திருப்புவிசை அவ்வளவு கூடும். தூரம் இரட்டித்தால் அந்தத் திருப்புவிசையும் இரட்டிக்கும். அமெரிக்காவின் பணிப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், கையால் தூக்கும் வேலைக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. 1991-இல் அதைத் திருத்தியது. எல்லாச் சூழலும் சாதகமாக இருந்தால் தூக்கலாம் என்று அது சொல்லும் எடை 23 கிலோ. ஆனால் பாரத்தைப் பிடித்த கைகள் கணுக்காலிலிருந்து 25 செ.மீ. தூரத்துக்குள் இருந்தால்தான் அந்த 23. கைகள் 50 செ.மீ. தள்ளிப் போனால் அந்தக் கணக்கில் எடை பாதியாக, 11.5 கிலோவாகக் குறைந்துவிடும். பதினைந்து லிட்டர் குடத்தைக் காலுக்குப் பக்கத்தில் வைத்துத் தூக்குவதும், கையை நீட்டித் தூக்குவதும் முதுகுக்கு ஒரே வேலை அல்ல என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

டெட்லிஃப்ட் கற்றுத்தருவது இதைத்தான்: பாரத்தை உடம்போடு ஒட்டி வைப்பது, முதுகை நேராக வைத்து இடுப்பு மூட்டில் இருந்து மடங்குவது. கதவு கீலில் திரும்புவதைப் போல உடம்பு இடுப்பு மூட்டில் திரும்ப வேண்டும். கதவுப் பலகை வளைவதில்லை.

எடையே இல்லாமல் இதைப் பழகலாம். சுவருக்கு முதுகைக் காட்டி ஒரு சாண் தள்ளி நில்லுங்கள். முழங்காலைச் சற்றே தளர்த்தி, பிட்டத்தை மட்டும் பின்னால் தள்ளிச் சுவரைத் தொட முயலுங்கள். நெஞ்சு தானாக முன்னால் சாயும். தொட்டதும், பிட்டத்தை இறுக்கி நிமிருங்கள். எளிதாகத் தொட முடிந்தால் இன்னும் நான்கு விரற்கடை முன்னால் போய் நின்று மறுபடியும் செய்யுங்கள். சரியாகச் செய்தால் தொடையின் பின்பக்கம் இழுபடுவது தெரியும். முதுகில்தான் இழுக்கிறது என்றால் இடுப்பு மடங்கவில்லை, முதுகு வளைகிறது என்று பொருள்.

வீட்டில் ஒட்டடைக் கம்பு இருக்கும். அதை முதுகோடு நீளவாக்கில் பிடித்துக்கொண்டு இதையே செய்து பாருங்கள். பின்தலை, மேல்முதுகு, வால் எலும்பு மூன்றையும் கம்பு தொட்டபடியே இருக்க வேண்டும். குனியும்போது ஏதாவது ஓரிடத்தில் கம்பு விலகினால் அங்கே முதுகு வளைந்திருக்கிறது. கண்ணாடி இல்லாத வீட்டில் இதைவிட நல்ல ஆசிரியர் கிடையாது. நான் யாருக்குச் சொல்லிக்கொடுத்தாலும், இந்தக் கம்புப் பாடம் கைவராமல் எடையைத் தொட விடுவதில்லை.

அதன் பிறகு கைப்பிடி உள்ள பக்கெட். அரைப் பக்கெட் தண்ணீரை இரு பாதங்களுக்கும் நடுவே, கைப்பிடி கணுக்காலுக்கு நேராக வருமாறு வையுங்கள். பிட்டத்தைப் பின்னால் தள்ளி, முழங்காலைத் தேவையான அளவு மடக்கி, கைப்பிடியை இரு கைகளாலும் பிடியுங்கள். தூக்குவதற்கு முன்பே கைகளை விறைப்பாக்கி, அக்குளை இறுக்கி, மூச்சை இழுத்து வயிற்றைக் கட்டுங்கள். இப்போது பக்கெட்டை மேலே இழுப்பதாக நினைக்காமல், பாதத்தால் தரையைக் கீழே தள்ளுவதாக நினைத்து நிமிருங்கள். மேலே வந்ததும் பிட்டத்தை இறுக்கி நேராக நின்றால் போதும். பின்னால் சாய வேண்டாம். மூச்சை விடுங்கள். இறக்கும்போது முதலில் பிட்டம் பின்னால் போக வேண்டும், பிறகுதான் முழங்கால் மடங்க வேண்டும். பக்கெட் மிகத் தாழ்வாக இருந்து முதுகு வளைகிறது என்றால் இரண்டு செங்கற்களின் மேல் பலகை போட்டு அதன் மேல் வையுங்கள். தரையிலிருந்துதான் தூக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டே தூக்கக் கூடாது. நிமிரும்போதே மெதுவாக விட்டுக்கொண்டு வர வேண்டும்.

தண்ணீரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஒரு வாரம் எட்டு லிட்டர், அடுத்த வாரம் ஒன்பது லிட்டர் என்று கிலோ கிலோவாகக் கூட்டலாம். செலவில்லாமல் இவ்வளவு துல்லியமான எடை வேறு எதிலும் கிடைக்காது. தளும்பினால் மூடி உள்ள கேனுக்கு மாறுங்கள். அது போதாமல் போகும்போது தண்ணீருக்குப் பதில் உலர்ந்த மணலை நிரப்பினால் அதே கேன் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனக்கும்.

இப்படிப் பழகிய பிறகு வேலையிலும் அந்த அசைவு தானாக வந்துவிடும். பாசிச் சாக்கை இழுத்துக் காலுக்கு அருகில் கொண்டுவந்து, அப்புறம் தூக்குவீர்கள். குடத்தைத் தரையிலிருந்து நேரே இடுப்புக்கு ஏற்றாமல், முதலில் திண்ணையில் வைத்து, அங்கிருந்து எடுப்பீர்கள். எப்போதும் இடது இடுப்பிலேயே குடம் வைப்பவர்கள் வலது பக்கமும் மாற்றி வைத்துப் பழகுவதும் நல்லது.

எத்தனை முறை, எவ்வளவு எடை?

வாரத்தில் இரண்டு நாள் போதும். தசையை வலுப்படுத்தும் பயிற்சியை வாரத்துக்குக் குறைந்தது இரண்டு நாள் செய்ய வேண்டும் என்றுதான் உலக சுகாதார நிறுவனமும் 2020 வழிகாட்டுதலில் பெரியவர்களுக்குச் சொல்கிறது. ஒரு நாளுக்கு ஸ்குவாட் எட்டு முதல் பத்து முறை, அப்படி மூன்று செட்; டெட்லிஃப்ட் ஆறு முதல் எட்டு முறை, அப்படி மூன்று செட். செட்டுக்கு நடுவே இரண்டு நிமிடம் உட்காருங்கள். அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ஒவ்வொரு செட்டையும் "இன்னும் இரண்டு முறை செய்யலாம்" என்ற நிலையிலேயே நிறுத்த வேண்டும். மூன்று செட்டும் சிரமமில்லாமல் முடிந்தால் அடுத்த முறை ஒரு கிலோ கூட்டுங்கள். முடியவில்லை என்றால் அதே எடையில் இருங்கள். இவ்வளவுதான் சூத்திரம்.

முதல் சில வாரங்களில் கால் பருமன் மாறாமலே பலம் கூடும். தசையை எப்படி ஒன்றாக இயக்குவது என்று நரம்புகள் கற்றுக்கொள்வதன் பலன் அது. தசை வளர்வது அதற்குப் பிறகு, மெதுவாக.

கடலுக்குப் போய் முங்கி வந்த நாளிலும், உப்பளத்தில் முழு நாள் சுமந்த நாளிலும் பயிற்சி வேண்டாம். அந்த உடம்புக்கு வேண்டியது ஓய்வு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடை உண்டு. மீன் தரம் பிரிப்பது, விற்பது, கருவாடு போடுவது ஆகிய வேலைகள் குறையும் அந்தக் காலம், இந்தப் பயிற்சியைத் தொடங்க நல்ல வாய்ப்பு. ஆனால் அது கத்திரி வெயில் காலமும்கூட. கடற்கரைக் காற்றின் ஈரத்தில் வியர்வை எளிதில் உலராது, உடம்பு தணியாது. பொழுது விடிவதற்கு முன் முடித்துவிடுங்கள்.

கடற்கரை மணலில் செய்ய வேண்டாம். கால் புதைந்து ஒரு பக்கம் சாயும். எடை ஏறினால் அந்தச் சாய்வு முழங்காலுக்கு ஆகாது. சிமென்ட் தரையோ கெட்டியான முற்றமோ போதும். ரப்பர் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலில் நில்லுங்கள். சேலையோ நைட்டியோ காலைத் தடுக்கும். சுடிதார் கால்சட்டை வசதி.

தசை உருண்டு ஆண்போல் ஆகிவிடுமா?

இந்த அச்சத்தால் எத்தனை பெண்கள் எடையைத் தொடாமலே இருக்கிறார்கள் என்று நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. தசையைப் பெருக்கும் டெஸ்டோஸ்டிரோன் இயக்குநீர் பெண்களின் ரத்தத்தில் ஆண்களுக்கு இருப்பதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. வாரம் இரண்டு நாள் பக்கெட் தூக்கி யாருக்கும் மல்லர் தொடை வந்துவிடாது.

"டோனிங்" என்று ஜிம் விளம்பரங்களில் சொல்லப்படுவதில் தனியான மாயம் எதுவும் இல்லை. தொடை இறுக்கமாகத் தெரிய இரண்டு காரணங்கள்: உள்ளே தசை சற்று வளர்ந்திருக்க வேண்டும், மேலே கொழுப்பு சற்றுக் குறைந்திருக்க வேண்டும். தசையை ஸ்குவாட்டும் டெட்லிஃப்டும் தரும். கொழுப்பு குறைவது பெரும்பாலும் சாப்பாட்டைப் பொறுத்தது. தொடைக்குப் பயிற்சி செய்தால் தொடைக் கொழுப்பு மட்டும் கரையும் என்பது நடக்காத காரியம். எந்த இடத்துக் கொழுப்பு முதலில் குறையும் என்பதை உடம்புதான் முடிவு செய்கிறது. அரைக் கிலோ டம்பெல்லை நூறு முறை ஆட்டினால் "டோன்" ஆகும் என்று பெண்களுக்கு மட்டும் சொல்லப்படும் அறிவுரையை நான் ஏற்பதில்லை. சவாலான எடைதான் தசையை வளர்க்கும், ஆணுக்கும் பெண்ணுக்கும்.

மீராபாய் சானுவை நினைத்துப் பாருங்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் 49 கிலோ எடைப் பிரிவில் மொத்தம் 202 கிலோ தூக்கி வெள்ளி வென்றவர். பாரத்தை ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்கும் ஸ்னாட்சில் 87, முதலில் தோளுக்கும் பிறகு தலைக்கு மேலும் தூக்கும் கிளீன் அண்ட் ஜெர்க்கில் 115. அதாவது தன் உடல் எடையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் தலைக்கு மேலே உயர்த்தினார். உருவத்தில் சிறியவர். மணிப்பூர் கிராமத்தில் சிறுவயதில் விறகுக் கட்டுச் சுமந்தவர். விறகு சுமந்த பெண்கள் அந்த ஊரில் அவரோடு பலர் இருந்திருப்பார்கள். முறையான பயிற்சி கிடைத்தபோதுதான் அந்தச் சுமக்கும் பலம் பதக்கமானது. அதற்கு முன், பெண்கள் பளுதூக்குதல் முதன்முறையாக ஒலிம்பிக்கில் சேர்ந்த 2000 சிட்னியில், 69 கிலோ பிரிவில் வெண்கலம் வென்ற கர்ணம் மல்லேஸ்வரிதான் ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண். நம் பெண்களுக்குப் பாரம் தூக்குவது அந்நியமான கலை அல்ல.

வயதானவர்களுக்கும் இது பொருந்தும். மாதவிடாய் நின்ற பிறகு எலும்பின் அடர்த்தி வேகமாகக் குறைகிறது. எலும்பு தன் மீது விழும் பளுவுக்கு ஏற்பத் தன்னைக் கெட்டிப்படுத்திக்கொள்ளும் இயல்புடையது. ஆஸ்திரேலியாவில் நடத்தப்பட்டு 2018-இல் வெளியான லிஃப்ட்மோர் ஆய்வில், எலும்பு அடர்த்தி குறைந்த, மாதவிடாய் நின்ற பெண்கள் எட்டு மாதம், வாரம் இரண்டு நாள், அரை மணி நேரம் பயிற்சி செய்தார்கள். டெட்லிஃப்டும் ஸ்குவாட்டும் அதில் முக்கியமானவை; எடையும் நல்ல கனமானது. இடுப்பு எலும்பும் முதுகெலும்பும் அவர்களுக்கு மேம்பட்டன. பயிற்சியாளர் பக்கத்தில் நின்று கவனித்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எலும்புத் தேய்வு உள்ளவர்கள் தனியாகக் கன எடைக்குப் போகக் கூடாது.

சாப்பாடும் எச்சரிக்கையும்

தசை கட்டப் புரதம் வேண்டும். ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) – தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் அளவுப்படி, சாதாரணமாக ஒரு நாளைக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 0.83 கிராம். 55 கிலோ பெண்ணுக்கு ஏறத்தாழ 46 கிராம். பயிற்சி செய்பவர் அதைவிடக் கொஞ்சம் கூட்டலாம். நூறு கிராம் மீனில் பெரும்பாலும் 18 முதல் 20 கிராம் புரதம் இருக்கிறது. சூடை, சாளை, நெத்திலி ஆகிய மலிவு மீன்கள் புரதத்தில் வஞ்சிரத்துக்கு இளைத்தவை அல்ல. நெத்திலியை முள்ளோடு சாப்பிட்டால் கால்சியமும் சேரும். மீன் இல்லாத நாளில் முட்டை, பருப்பு, சுண்டல். கருவாட்டிலும் புரதம் நிறைய, ஆனால் உப்பும் நிறைய. ரத்த அழுத்தக்காரர்கள் அளவோடு வைத்துக்கொள்ளட்டும். இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு: மீன் பிடிக்கிற ஊரிலும், எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் சாப்பிடும் அம்மாவின் தட்டில் குழம்புதான் மிஞ்சுகிறது. அவருக்கும் ஒரு துண்டு எடுத்து வையுங்கள்.

படியேறினாலே மூச்சு வாங்குகிறது, தலை சுற்றுகிறது என்றால் முதலில் ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவைப் பார்த்துவிடுங்கள். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. அதைச் சரிசெய்யாமல் பயிற்சி எதுவும் உடம்பில் ஒட்டாது.

மறுநாள் தொடையும் பிட்டமும் மந்தமாக வலித்தால் அது பயிற்சியின் வலி. இரண்டு மூன்று நாளில் போகும். மூட்டுக்குள் குத்தும் வலி, இடுப்பிலிருந்து காலுக்கு மின்னல்போல் இறங்கும் வலி, கால் மரத்துப்போவது ஆகியவை வேறு வகை. அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். மாதவிடாய் நாட்களில் செய்யக் கூடாது என்பதில்லை. உடம்பு கேட்டால் எடையைக் குறைத்துக்கொள்ளுங்கள். கர்ப்பமாக இருப்பவர்களும், பிரசவமோ சிசேரியனோ வேறு வயிற்று அறுவைச் சிகிச்சையோ ஆனவர்களும் மருத்துவர் சம்மதித்த பிறகே தொடங்க வேண்டும்.

இன்னொன்றை வெட்கப்படாமல் சொல்லிவிட வேண்டும். தூக்கும்போது சிறுநீர் கசிகிறது, அடிவயிற்றில் ஏதோ இறங்குவதுபோல் கனக்கிறது என்று பல பெண்கள் தோழியிடம்கூடச் சொல்லாமல் வைத்திருக்கிறார்கள். கருப்பை இறக்கத்தின் அறிகுறியாக அது இருக்கலாம். அதோடு எடை தூக்கினால் கூடும். வேலையில் தூக்கினாலும் கூடும். மருத்துவமனையில் பெண் மருத்துவரிடம் காட்டுங்கள். இடுப்புத் தளத் தசைகளுக்கென்று தனியே பயிற்சிகள் உண்டு, அவை பலன் தரும்.

பக்கெட் எடை 25 கிலோவைத் தாண்டியதும் கையில் பிடிப்பதே சிரமமாகிவிடும். அப்போது பார்பெல் வேண்டும்: நீளமான இரும்புக் கம்பி (பார்), அதன் இரு முனைகளிலும் மாட்டும் வட்ட எடைத் தட்டுகள் (பிளேட்). ராமநாதபுரம் நகரம்வரை போக வேண்டியிருக்கலாம். ஜிம்முக்குப் போனால் சேரும் முன்பே சிலவற்றைக் கேளுங்கள். பெண்களுக்குத் தனி நேரம் உண்டா? பளுதூக்கும் போட்டிகளில் பெண்களுக்கான பார் 15 கிலோ, ஆண்களுக்கான பார் 20 கிலோ. பெண்களின் பார் சற்று மெல்லியது, 25 மி.மீ., சிறிய கைகளில் நன்றாக அடங்கும். பெரும்பாலான கூடங்களில் 20 கிலோ பார்தான் இருக்கும் என்பதால், பிளேட் மாட்டுவதற்கு முன்பே அந்த எடை கணக்கில் சேர்ந்துவிடுகிறது என்பதை மறக்க வேண்டாம். முழு அளவுப் பிளேட்டின் விட்டம் 45 செ.மீ.; அதை மாட்டினால் பார் தரையிலிருந்து 22.5 செ.மீ. உயரத்தில், கெண்டைக்காலின் நடுவே நிற்கும். தொடங்குபவர்களுக்கு மாட்டும் ஐந்து கிலோ பிளேட் பெரும்பாலும் சிறியது. பார் தாழ்ந்துபோய், முதுகு வளைந்தால்தான் கைக்கு எட்டும். அதனால் பாரின் இரு முனைகளையும் பலகையின் மேலோ கனமான பிளேட்டுகளை அடுக்கி அவற்றின் மேலோ ஏற்றி வைக்கச் சொல்லுங்கள். பயிற்சியாளர் அதற்குச் சலித்துக்கொண்டால், வேறு பயிற்சியாளரைத் தேடுங்கள்.